ஸ்பிரிங்குக்கு ராத்திரி ஓய்வு

டுமீல்!

துப்பாக்கி ரிப்பேர்க் கடையின் சுவர்க் கடிகாரம், பகல் பதினொன்றே காலுக்குக் காலமானது.

அதற்குக் கீழே நின்றிருந்த மெக்கானிக்கின் மேல் கீறல்கூட இல்லை. ஒரு சாண் தப்பு!

"மன்னிச்சுக்க தம்பி... தும்மல் வந்துடுச்சு. கடையைக் கூட்டவே மாட்டியா?"

வாசலில் பிஸ்டலோடு நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். கூலிக்குக் கொலை செய்பவர். தொழில் வட்டாரத்தில் 'மௌனம்' என்று பெயர். அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

"எ... என்னை எதுக்குண்ணே சுடறீங்க?"

"உன் தங்கச்சி புருஷன் அனுப்பினாரு. எதிர்த்தாப்புல இதே ரிப்பேர்க் கடை வச்சிருக்காரே, அவருதான். கூட்டமெல்லாம் உன்கிட்டயே வருதாம். வயித்தெரிச்சல்! கண்ணை மூடிக்க, ரெண்டாவது கரெக்டா விழும்."

மெக்கானிக் கண்ணை மூடினான்.

க்ளிக்!

மறுபடியும்... க்ளிக்!

கண்ணைத் திறந்தான். முகத்தில் பயத்தைக் காணோம். பக்கத்து வீட்டு இருமல் காதில் விழுந்ததும் டாக்டர் முகத்தில் ஒன்று வருமே... அது!

"அண்ணே, குண்டு மேல ஏறல. மேகஸின் ஸ்பிரிங் போயிடுச்சு. கொண்டாங்க இப்படி."

மேகஸின் கை மாறியது. ஏழு குண்டுகளையும் தள்ளி மேசையில் போட்டான். அடித்தட்டைக் கழற்றினான். ஸ்பிரிங் துவண்டு வெளியே வந்தது. புதிய ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்தான்.

நாலு விரற்கடை குட்டை!

"என்னண்ணே பண்ணீங்க இதை?"

"பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன்பா! தினம் ராத்திரி குண்டையெல்லாம் எடுத்துட்டு ஓய்வு குடுப்பேன். காலையில திரும்பப் போடுவேன். பதினாறு வருஷமா!"

"அடக் கடவுளே! அமுக்கியே வச்சா அவ்வளவு சீக்கிரம் கெடாதுண்ணே. அமுக்கி அமுக்கி விட்டாத்தான் தளரும். எவன் சொன்னான் இந்த வைத்தியத்தை?"

"உன் மச்சான்தான்!"

மெக்கானிக்குக்கு ரத்தம் கொதித்தது. ஆள் வைத்துக் கொல்லப் பார்த்ததையாவது குடும்ப விஷயம் என்று விட்டிருப்பான். ஆனால் இது...!

"தூ! இந்த ஆளுக்கா என் தங்கச்சியைக் குடுத்தோம்!"

புது ஸ்பிரிங் உள்ளே போனது. மௌனம் குண்டுகளைப் போட ஆரம்பித்தார். மூன்று சமர்த்தாக இறங்கின. நாலாவதற்குக் கட்டைவிரல் சிவந்தது. ஐந்தாவதற்கு...

"ஆ! என்னப்பா இது, மல்லுக்கு நிக்குது?"

"புதுசு அப்படித்தாண்ணே இருக்கும்."

"எனக்கு விரல் மூட்டெல்லாம் வலி... நீயே போட்டுக் குடேன். இந்தா, பிஸ்டலையும் பிடி. ஸ்லைடு ஸ்பிரிங் எப்படி இருக்குன்னு அப்படியே பாத்துடு."

பார்த்தான். அதையும் மாற்றினான். எண்ணெய் விட்டுத் துடைத்தான். ஏழு குண்டுகளையும் போட்டு மேகஸினைச் சொருகினான். ஸ்லைடை இழுத்து விட்டான்.

சடக்! கச்சிதம்!

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது...

பிஸ்டல் யார் கையில் இருக்கிறது என்று!

மௌனத்தின் கைகள் தாமாகவே மேலே போயின.

"த... தம்பி... வேலைதான் முடிஞ்சுதே... குடேன், நான் கிளம்பறேன்."

மெக்கானிக் நிதானமாக ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தான்.

"ட்ரையல் பாக்காம எந்தச் சரக்கையும் நான் வெளிய அனுப்பறதில்லண்ணே!"