அசையாமல் ஒரு நிமிடம்

அவள் நின்றுவிட்டாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு மட்டும் இன்னும் இரண்டு முறை துள்ளியது.

அந்தக் குவாண்டம் கணினியின் வன்பொருளை வடிவமைத்த மூத்த பொறியாளர் அவள்தான். கூரையிலிருந்து தொங்கும் ஆளுயரக் குளிர்கலன், அதைச் சுற்றிச் செப்புத் தகடு அடித்த ஜன்னலில்லாத அறை, காலடி அதிர்வைக்கூடக் கோடாகக் காட்டும் திரை, எல்லாம் அவள் கைவண்ணம். கதவும்தான். எந்த அவசரக்குடுக்கையாவது பாதியில் திறந்து அளவீட்டைப் பாழாக்கிவிடக் கூடாதென்று, தரை ஒரு நிமிடம் முழுக்க அசையாமல் இருந்தால்தான் அது திறக்கும்படி செய்திருந்தாள். அவசரத்துக்கு ஒரு பொத்தான் வேண்டாமா என்று கேட்டவர்களிடம், "ஒரு நிமிஷம் சும்மா நிக்கத் தெரியாதவங்களுக்கு உள்ள என்ன வேலை?" என்று வாயை அடைத்தாள்.

மணி இரண்டே முக்கால். மூன்றரைக்கு மகள் பள்ளி வாசலில் நிற்பாள். ஒரு கேபிளை மாற்றத்தான் உள்ளே வந்தாள், மாற்றியாயிற்று. போக வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே இருந்த டெக்னீஷியனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "மேடம், நீங்க போட்ட சட்டத்த நீங்களே மீறலாமா? கொஞ்சம் அசையாம நில்லுங்க."

"நின்னுக்கிட்டுதான்ணே இருக்கேன்."

"நடக்குற மாதிரில்ல காட்டுது?"

குளிர்கலனின் பம்பாக இருக்குமோ? பம்பின் துடிப்பு சீரானது, அவளுக்கு மனப்பாடம். இது இடது காலை அழுத்தி, வலது காலை லேசாக வைக்கும் நடை. சோதனை நாட்களில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அவளுடைய நடை.

குளிர்ந்த செம்பின் வாடைக்கு நடுவே, காலையில் அவள் போட்டுக் குளித்த சோப்பின் மணம். அது கலனுக்கு அந்தப் பக்கம், கதவருகிலிருந்து வந்தது.

ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோடு படுத்தது. இருபது நொடி. நாற்பது. ஐம்பது.

அதுவும் அசையாமல் நிற்கிறது. அதற்கும் வெளியே போக வேண்டும்.

கதவு திறந்தது. கலனைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வாசல் வெளிச்சத்தில் ஒரு முதுகு. அவளுடைய நீலச் சட்டை. அவளுடைய பின்னல். கதவு மூடிக்கொண்டது.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. செப்பைக் கையால் அறைந்தாள். தடித்த சுவர் அதை விழுங்கியது.

"ஒருவழியா வந்துட்டீங்க மேடம்," ஒலிபெருக்கியில் அவர் சிரித்தார். "உள்ள வேற யாரும் இல்லையே?"

"யாருண்ணே இருக்கப் போறா?" அவளுடைய குரல். "அளவீட்ட ஆரம்பிச்சுடுங்க. ரெண்டு வாரத்துக்குக் கதவப் பூட்டிடுங்க, யாரு சொன்னாலும் திறக்காதீங்க. நான் போய்ப் பொண்ணக் கூட்டிட்டு வரேன்."

விளக்கு அணைந்தது. இருட்டில், திறந்த வாயோடு, அவள் சுவரை அறைந்துகொண்டே இருந்தாள்.