அயல்மண்ணில் விளைவுமானி

விளைவுமானி பச்சை காட்டாமல் எந்த அரசு இயந்திரமும் நகராது. ஒரு செயலால் யார் சாவார், எது அழியும் என்று முன்கூட்டியே கணித்து, சிவப்பு விழுந்தால் எஞ்சின்களைப் பூட்டிவிடும். ஆனால் எல்லைக்கு வெளியே அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் மேகங்களை இழுத்து மழையைத் திருப்பும் மேகத்துறிஞ்சியைக் கடல் கடந்து மோரவா தீவில் நட்டார்கள். மழை நம் அணைகளுக்கு வந்தது. தீவின் கிணறுகள் உப்பாயின. அங்கே வேலைக்குப் போன சூசையும் மகள் செலினும் தண்ணீரின்றி இறந்து அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள்.

உயிர் தப்பி ஊர் திரும்பிய சூசையின் மனைவி பிரகாசி வழக்குப் போட்டாள். அரசு எந்த நாட்டில் கை வைத்தாலும் மானியும் கூடப் போக வேண்டும் என்றாள். அரசு வக்கீல் உடனே ஒப்புக்கொண்டார். அதுதான் அவளை உறுத்தியது.

மானி அளப்பதற்குச் சாட்சியாக அவளை அரசுக் கப்பலில் தீவுக்கு அழைத்து வந்த அதிகாரி திருவேங்கடம், கரையில் டீ கொடுத்தார்.

"சந்தோஷமாம்மா? ரெண்டாவது உறிஞ்சிக்கு மானி வெச்சுத்தான் பாக்கப்போறோம்."

"இனிக்க இனிக்கப் பேசுதீங்க சார். அதான் பயமா இருக்கு."

மானி தீவை அளந்தது. ஆள் இல்லை, ஆடு இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. அழிய எதுவும் மிச்சமில்லாததால் பச்சை விழுந்தது.

பிரகாசி எழுந்து போய், சிப்பிகள் பதித்த செலினின் மண்மேட்டருகே உட்கார்ந்தாள்.

"இனி நான் இங்கதான் குடியிருக்கப் போறேன். இப்ப அளங்க."

மானி சிவந்தது. வசிப்பவர் ஒருவர், உறிஞ்சி வந்தால் இறப்பார்.

திருவேங்கடம் சிரித்தார். "தண்ணி இல்லாம எத்தன நாளும்மா இருப்பீங்க?" மாலுமிகளிடம் திரும்பினார். "தண்ணிக் கேனையெல்லாம் திருப்பிக் கப்பல்ல ஏத்துங்கப்பா. அடுத்த மாசம் வந்து அளந்துக்கலாம்."

கப்பல் கிளம்பவில்லை. கேப்டன் தயங்கியபடி இறங்கி வந்தார்.

"எஞ்சின் பூட்டிக்கிச்சு சார். இவங்கள விட்டுட்டுப் போறதும் அயல்மண்ணுல அரசுச் செயலாம். விளைவு, ஒரு மரணம்னு காட்டுது."

"தூக்கி ஏத்துங்க."

"குடியிருக்கிறவங்கள வலுக்கட்டாயமா அப்புறப்படுத்தினா, குடியிருப்பு அழியுதுன்னு அதுக்கும் சிவப்புதான் சார்."

"வேற கப்பலக் கூப்பிடுங்க."

"வந்தா அதுவும் பூட்டிக்கும்."

திருவேங்கடத்தின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பிரகாசி சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க சார். இருக்கிற தண்ணிய மடக்கு மடக்காக் குடிக்கணும். நான் சொல்லித் தாரேன்."