கலர் சரிபார்க்க வந்தவன்

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க... உங்க மஞ்சள் சுடிதார் ஸ்கிரீன்ல அடிக்குது.”

வினோதினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செங்கம் ரோட்டு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் அத்தனைக்கும் கலர் பார்ப்பவள் அவள். வெளியே மழை கொட்டுகிறது... மலையே மேகத்துக்குள் போய்விட்டது... தொப்பலாக நனைந்து வந்த இவன் யார், அவளைத் தள்ளி நிற்கச் சொல்ல?

“கலரை கண்ணால பார்த்தா பத்தாதா? அதுக்கு மெஷின் வேற வேணுமா?”

“கண்ணு அழகாத்தான் இருக்கு... ஸ்கிரீன் தப்பா காட்டினா அது என்னங்க பண்ணும்?”

சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டான். அன்பரசன் அவன் பெயர். ஊர் ஊராகப் போய் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் திரைகளின் நிறத்தைச் சரிசெய்பவன். அச்சாகி வந்த ஆல்பங்களில் மணப்பெண்கள் எல்லோரும் கறுத்துப் போயிருக்கவே, முதலாளி ராஜமாணிக்கம் அவனை வரவழைத்திருந்தார். மவுஸ் போலிருந்த கருவியைத் திரையில் தொங்கவிட்டான். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை மாற மாற, அது அளந்துகொண்டே வந்தது.

“வெளிச்சம் ஜாஸ்தி வெச்சிருக்கீங்க. இங்க பளிச்சுனு தெரியறதால நீங்க போட்டோவ கம்மி பண்ணிடறீங்க, பிரிண்ட் இருட்டா வருது. மாசம் ஒரு தடவை பார்த்துக்கணும்.”

அந்த ஒரு நாளுக்காக அவள் ஏங்கத் தொடங்கியது எப்போது? அவளுக்கே தெரியாது. அடுத்த முறை அவன் வந்தபோது, ஸ்கிரீனில் அடிக்காத சாம்பல் நிறச் சுடிதாரில் வந்தாள். அவன் கவனித்தான்... சிரித்தான்... அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே ஒரு மாசத்தை ஓட்டினாள், பைத்தியக்காரி.

முதலாளி சும்மா இருந்திருக்கலாம். “என்னம்மா, அன்பு வர்ற நாள்னா முகமே மாறுது?” என்று கேட்டுத் தொலைத்தார்.

“மெஷின் வெக்க வர்றவரு... அவரு யாரு எனக்கு?”

வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் அன்பரசன்.

அவன் உள்ளே வந்து திரையை அளந்து முடித்தான். முதலாளியைச் சொந்தமாக ஒரு கருவி வாங்க வைத்து, அவளுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தான். “இனிமே நீங்களே பண்ணிக்கலாம். நான் வர வேண்டியதில்லைங்க.”

‘போகாதீங்க’ என்று ஒரு வார்த்தை... வீம்பு விட்டால்தானே? பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஒவ்வொரு முகத்திலும் அவனைத் தேடினாள். மழை பிடித்தால் வாசலையே பார்த்தாள். யார் யாரோ நனைந்து வந்தார்கள்.

கடைசியில் அந்தக் காரியத்தைச் செய்தாள். தான் அளந்து சரிசெய்திருந்த திரையின் வெளிச்சத்தைத் தன் கையாலேயே ஏற்றினாள். பிறகு போன் போட்டாள். “கலர் நிக்கவே மாட்டேங்குது... வந்து பாக்கறீங்களா?”

போனை வைத்த கையோடு வந்து நின்றான். மெலிந்திருந்தான். அளந்தான். புருவம் சுருங்கியது.

“இது தானா ஏறலங்க. யாரோ கைய வெச்சிருக்காங்க.”

“நான்தான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.” அவள் குரல் உடைந்தது. “உங்கள வரவைக்க வேற வழி தெரியல. அன்னிக்கு சொன்னது மனசார சொன்னதில்ல. எனக்கு உங்கள பிடிச்சிருக்கு... ரொம்ப.”

அவன் கருவியைக் கீழே வைத்தான். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பயந்துபோய் அவளே கேட்டாள். “போன் பண்ணதும் எப்படி வந்தீங்க?”

“எதிர்த்த டீக்கடைக்குள்ளதான் இருந்தேன்.”

“இன்னிக்கா?”

“தெனமும்.” அன்பரசன் மெல்லச் சொன்னான். “நானும் எத்தனை நாளைக்குத்தான் டீயே குடிக்கறது... எனக்கு நீ வேணும், வினோதினி.”