ஒற்றை விரல் தட்டல்

கதவைத் தட்டுகிறவன் உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் தட்டுவான். ஊர் உலகத்தில் அதுதானே வழக்கம்! ஆனால் அன்று சாயங்காலம் சர்வேயர் வீட்டு வாசலில் எழுந்த சத்தம் அப்படிப்பட்டதாக இல்லை. எங்கே கேட்டுத் தொலைத்துவிடுமோ என்று பயந்து, ஒற்றை விரலின் நுனியால் தட்டியது போல, டொக் என்று ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

சர்வேயர் எழுந்து போய்த் திறந்தார். யாரும் இல்லை. மழை வரப்போகும் நேரத்துக் கருக்கல் நடைபாதை முழுக்கத் தேங்கியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் குழந்தைச் செருப்புகள் கவிழ்ந்து கிடந்தன. படிக்கட்டுக்குக் கீழே பூட்டிய சைக்கிள் ஒன்று சாய்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கை அரிக்கும் ஈரப் பெயிண்ட் வாடை. இந்தக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்து வருஷத்துக்கு மேல் ஆகிறதே!

மனைவியும் மகளும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தார்கள். போன் போட்டார்.

"நீ வந்து கதவத் தட்டினியா?"

"நல்லாக் கேட்டீங்க! நாங்க இன்னும் கிளம்பவே இல்ல. கையில சாவிய வச்சுக்கிட்டு நான் எதுக்குத் தட்டப்போறேன்?" என்று சிரித்தாள் மனைவி. "தூக்கக் கலக்கமா இருக்கும். மூஞ்சியக் கழுவிட்டு உட்காருங்க."

மூஞ்சியைக் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் டொக். அப்போதுதான் உறைத்தது. அந்தத் தட்டல் அவருக்குத் தெரிந்த தட்டல்.

நகராட்சி, ஏழைபாழைகளுக்கு மலிவு விலையில் வீடு கட்ட இந்த நிலத்தை வாங்கியபோது, குடியிருந்தவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கியவர் சர்வேயர்தான். கடைசி வீட்டுத் தையற்காரர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. சர்வேயர் பள்ளிக்கூடம் போன நாளில், அப்பா இல்லாத பிள்ளையாயிற்றே என்று, வருஷா வருஷம் கூலி வாங்காமல் கால்சட்டை தைத்துக் கொடுத்த மனிதர் அவர்.

"முட்டி வலி உயிர் போகுது தம்பி, மாடியெல்லாம் என்னால ஏற முடியாது. கீழ் வீடு கிடைக்கும்னு நீ சொல்லு, கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"கீழ் வீடு உங்களுக்குத்தான் மாமா. அது என் பொறுப்பு."

கையெழுத்து விழுந்தது. கீழ் வீடு, இதோ இப்போது குடியிருக்கும் இதே வீடு, சர்வேயரின் மனைவி பெயருக்குப் போனது. எல்லாரும் செய்வதுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இடிப்பதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. சர்வேயர் ஒவ்வொரு கதவையும் உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும்; குரல் கொடுக்க வேண்டும்; உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கதவில் மஞ்சள் பெயிண்டால் பெருக்கல் குறி. அந்தக் குறி இருந்தால்தான் புல்டோசர் ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார். அன்று மற்ற வீடுகளை எல்லாம் தெருவே அதிரத் தட்டிய சர்வேயர், தையற்காரர் வீட்டுக்கு வந்ததும் ஒற்றை விரலை நீட்டினார். கதவு திறந்தால் அந்த முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்தபடியே குறியைப் போட்டார், நடையைக் கட்டினார்.

பிற்பாடு கேட்டவர்களிடம், "மகன் வீட்டுக்குப் போயிட்டாராம்" என்றார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இடிபாட்டை அப்படியே நிரவி அதன்மேல் அஸ்திவாரம் போட்டார்கள்.

மின்சாரம் போனது. மின்விசிறி தன் கடைசிச் சுற்றை முனகி ஓய்ந்ததும் வீட்டில் இருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதிக்கு அடியில், பாதத்துக்கு நேர் கீழே, வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. சீராக. அவசரமே இல்லாமல். கடகட... கடகட...

தையல் மெஷின்.

சர்வேயர் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் கேட்டது. தரை வழியாக ஏறி எலும்பில் கேட்டது. பெயிண்ட் வாடையோடு மெஷின் எண்ணெய் வாடையும் கலந்தது.

அன்றும் கேட்டது.

மனைவியிடம் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. குறி போட்ட கை அந்தக் கடகடப்பைக் கேட்டுக்கொண்டேதான் போட்டது. சீ, நானும் ஒரு மனுஷனா!

"மாமா..." என்றார் தரையைப் பார்த்து. "மன்னிச்சிடுங்க மாமா."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலுக்கு ஓடினார். தாழ்ப்பாள் நகரவில்லை. இழுத்தார். நகரவில்லை. வெளியே மூச்சு விடும் சத்தம்.

டொக்.

கதவிலிருந்த கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வைத்தார். வெளியே ஓர் ஆள். நகராட்சி அட்டை கழுத்தில். ஒரு கையில் மஞ்சள் டப்பா. இன்னொரு கையில் ஒற்றை விரல் நீட்டியபடி. குனிந்த தலை. அந்தச் சொட்டை, அந்தச் சட்டை, அந்தக் கூனல் தோள்.

அவரேதான்.

"இருக்கேன்!" கதவை உள்ளங்கையால் அறைந்தார். "உள்ள ஆள் இருக்கு! போடாதே!"

நீட்டிய விரல் நின்றது. வெளியே இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. நன்றாகவே கேட்டது. காது மடல் சிவந்ததை சர்வேயர் பார்த்தார். மெல்லத் தலை நிமிரும் என்று காத்திருந்தார்.

நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தது.

தூரிகை டப்பாவுக்குள் இறங்கி ஏறியது. மரத்தின் மேல் ஈரமான இழுவை, ஒரு பக்கமாக. பிறகு மறுபக்கமாக. துவாரம் மஞ்சளானது.

செருப்புச் சத்தம் அவசரமாக விலகிப் போனது. காலடியில் மெஷின் நின்றது. தெருவில் புல்டோசர் உறுமியது.