எட்டாயிரம் ஜோடிக் கைகள்

"கையைத் தளர விடுங்க. தோளை இறக்குங்க. பட்டை பார்த்துக்கும்."

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் நீலாம்பூர் அரங்கில் நின்ற எட்டாயிரம் பேரும் தோளை இறக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை, தயங்கவும் இல்லை. ஆறு வருடமாகச் செய்து பழகிய காரியம். ஒவ்வொருவரின் இரண்டு கைகளிலும், முழங்கைக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் ஏந்துபட்டை இருந்தது. அதை மாட்டாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஏந்துபட்டைக்கு ஒரே வேலைதான். மேடையிலிருந்து ஒருவர் கூட்டத்தின்மேல் பாய்ந்தால், அவர் எங்கே விழுவார், என்ன வேகத்தில் விழுவார் என்று கட்டுப்பாட்டறையில் இருக்கும் ஏந்துகணி என்ற கணினி கணக்கிட்டுவிடும். அந்த இடத்தில் நிற்கும் நாற்பது பேரின் தசைகளுக்குப் பட்டை வழியாகச் சின்ன மின்துடிப்பு போகும். கைகள் தாமாக உயர்ந்து, விழுகிறவரின் எடையைப் பங்கு போட்டு வாங்கி, மெல்லத் தாழும். பிடித்தவர்களுக்குக் காய்கறிப் பையைத் தூக்கிய அளவு அசதிகூட இருக்காது. பலர் பிடித்ததைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அதை வடிவமைத்தவள் தாரணி. காரணம் அவளுடைய அண்ணன் விக்னேஷ். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் பாட்டு உச்சத்துக்குப் போன நேரம், ஐந்தடி மேடையிலிருந்து அவன் கூட்டத்தின்மேல் பாய்ந்தான். கூட்டம் விலகிக்கொண்டது. அவர்கள் ஒன்றும் கொலைகாரர்கள் இல்லை. தலைக்கு மேல் ஓர் ஆள் வந்து விழுந்தால் மனிதர்கள் செய்கிறதைச் செய்தார்கள். கழுத்து முறிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். அவன் மகன் ஆதிரனுக்கு அப்போது இரண்டு வயது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரணம். பாய்ந்தவன் பிழைத்தால், கீழே நின்ற யாரோ ஒரு பெண்ணின் தோள் எலும்பு போகும். மேடை ஓரத்தில் தடுப்பு வைத்துப் பார்த்தார்கள், காவலர்களை நிறுத்திப் பார்த்தார்கள், அபராதம் போட்டார்கள். பாய்கிறவர்கள் பாய்ந்துகொண்டேதான் இருந்தார்கள். மனிதக் கையை நம்பினால் இந்தக் கதைதான் என்று தாரணிக்குத் தோன்றியது. பட்டை வந்த பிறகு மேடைப் பாய்ச்சலில் ஒரு விரல்கூட முறியவில்லை.

சோதனைக் காலத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. ஐயோ விழுகிறானே என்று பதறிப்போய்த் தாமாகக் கை நீட்டியவர்களுக்கு, சொந்த விசையும் பட்டையின் விசையும் மோதி மணிக்கட்டு முறிந்தது. நல்ல மனசுக்காரர்களுக்குத்தான் அடி. அதற்காகத் தாரணி எழுதியதுதான் தளர்கை விதி. யார் விழுந்தாலும் கையைத் தளர விட வேண்டும். பட்டை மேடையைத் தாண்டி நீச்சல் குளங்களுக்கும் கட்டடச் சாரங்களுக்கும் பள்ளிக்கூட மைதானங்களுக்கும் போனபோது அந்த விதியும் கூடவே போனது. இப்போது ஒன்றாம் வகுப்பிலேயே அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அது தாரணி எழுதாத விதி. பயம் போனதும் உயரம் ஏறியது. பாய்கிறவர்கள் ஐந்தடி போதாது என்றார்கள். எட்டு வந்தது, பன்னிரண்டு வந்தது. இன்றைக்குப் பாய்கிறவர் ஏறி நிற்கும் பாய்முனை பதினெட்டடி உயரத்தில் கூட்டத்தின்மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு முறையும் தாரணிதான் கணக்குப் போட்டுப் பார்த்து, பட்டை தாங்கும் என்று அனுமதி கொடுத்தாள். கணக்கு ஒருமுறைகூடத் தப்பவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சி. பாடப் போகிறவன் ஆதிரன். மேடைக்குப் பின்னால் அவன் அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தை, ஒருக்கா பட்டை இல்லாம குதிச்சுப் பாக்கட்டுங்ளா?"

"உங்கப்பன் குதிச்சது பத்தாதா?"

"அதில்லீங்த்தை. நாலு வருசமாக் குதிக்கறேன். என்னையப் புடிக்கறது உங்க மிசினு. கீழ இருக்கறவங்க மூஞ்சில புடிக்கற மாதிரியே தெரியறதில்ல. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறாங்க."

"நிக்கட்டும். நீ உசுரோட இருக்கறயில்ல?"

"இருக்கறேன். அவங்களா ஒருக்கா புடிச்சா எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சுக்கோணும். என்ற பாட்டக் கேட்டு அழுகறாங்க, சிரிக்கறாங்க. என்னையப் புடிக்க மாட்டாங்களா?"

"அந்த ஆசைய இங்கயே வெச்சுட்டுப் போ. பச்சை விளக்கு எரியாம முனையில கால வெக்காத."

அவன் தலையாட்டினான். தாரணி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, வழக்கம்போல முதல் வரிசையில் போய் நின்றாள். தான் செய்த பட்டையைத் தானும் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நிற்பது அவள் வழக்கம்.

மூன்றாவது பாட்டு முடியும்போது கிழக்குப் பகுதியில் இருநூறு பட்டைகள் தவறான செய்தி அனுப்ப ஆரம்பித்தன. கட்டுப்பாட்டறையில் இருந்த ரிஸ்வானா முறைப்படி எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி இயக்கினாள். அதற்கு நாற்பத்து நான்கு நொடி ஆகும். அதுவரை பாய்முனையில் சிவப்பு விளக்கு எரியும்; அதன் அர்த்தம் பாடகர்களுக்கும் பணியாளர்களுக்கும் மட்டும்தான் தெரியும். பாடகர்கள் அந்த நேரத்தில் ஏதாவது பேசி ஒப்பேற்றுவார்கள்.

ஆதிரன் முனையில் ஏறி நின்றான். சிவப்பு விளக்கைப் பார்த்தான். அவன் பார்த்ததைத் தாரணி பார்த்தாள். வேண்டாம் என்று அவள் கத்தியது பறையோசையில் யாருக்கும் கேட்கவில்லை. அவன் கீழே இருந்த முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கைகளை விரித்தான்.

பாய்வதற்கு முன் கூட்டத்தோடு சேர்ந்து எண்ணுவது வழக்கம். எட்டாயிரம் பேரும் எண்ணினார்கள். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

பாய்ந்தான்.

இந்த முறை ஒருவரும் விலகவில்லை. நிமிர்ந்து பார்த்தபடி, தோளை இறக்கி, கை எழுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். ஆதிரன் இரண்டு பேரின் தோளில் மோதி, அவர்களுக்கு நடுவே தலைகீழாகத் தரையில் விழுந்தான். தாரணி நின்ற இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரம். ஆம்புலன்ஸ் அவினாசி சாலையைத் தொடுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. பட்டை கையைப் பிடித்து வைத்துக்கொண்டது. தூக்க முயன்றோம், முடியவில்லை, யாரோ அமுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. ஆறாயிரம் பேர் புகார் கொடுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தாரணிக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த நொடியில் அவள் கைகள் இரண்டும் ஈரச் சாக்கைப் போலக் கனத்தன. இயந்திரத்தில் எங்கோ மிச்ச மின்சாரம் இருந்திருக்கிறது, தன் கணக்குத்தான் தப்பிவிட்டது என்று நினைத்தாள். ஆனாலும் அதில் ஒரு பிடிமானம் இருந்தது. கணக்கில் தப்பு என்றால் திருத்திவிடலாம்.

அதற்கடுத்த நாள் காலையில் கட்டுப்பாட்டறைக்குப் போய்ப் பதிவைக் கேட்டாள். ரிஸ்வானாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"நீங்க பாக்க வேண்டாங்க்கா."

"காட்டு ரிஸ்வானா."

"நிறுத்துனதுல இருந்து திரும்ப வர்ற வரைக்கும் யாரு பட்டைக்கும் ஒரு துடிப்புகூடப் போகலீங்க. இந்தப் பட்டைக்குத் தூக்கத்தான் தெரியும். புடிச்சு வெக்கத் தெரியாது. நீங்க பண்ணுனதுதானுங்களே."

"என்னோடது?"

ரிஸ்வானா திரையைத் திருப்பிக் காட்டினாள். நாற்பத்து நான்கு நொடிக்கும் நேர்க்கோடு. தாரணியின் கைகள் சுதந்திரமாகத்தான் இருந்திருக்கின்றன. பட்டை நின்றுவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள். விழுந்துகொண்டிருந்தவன் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அப்படியும் கைகள் காத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அவளுக்குத் தன்னையே அருவருப்பாக இருந்தது.

அந்த வாரம் காலி அரங்கில் மெத்தை விரித்து, பட்டைகளைக் கழற்றிவிட்டு, இரண்டடிப் படியிலிருந்து ரிஸ்வானாவைப் பின்பக்கமாக விழச் சொன்னாள். முதல் முறை ரிஸ்வானா மெத்தையில் விழுந்த பிறகுதான் தாரணியின் கை எழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. இப்போது விழுவாள், இப்போது தூக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாலும், உடம்பு சாய்வதைக் கண்டதும் தோள் தானாக இறங்கியது. ஆளை மாற்றி ரிஸ்வானா பிடித்துப் பார்த்தாள். வேலை முடிந்து போன துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேரையும் நிறுத்திப் பார்த்தார்கள். அறுபது முறையில் ஒருமுறைகூட யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

"பட்டைய மாட்டிக்கலாங்களாக்கா? இடுப்பு வலிக்குது," என்றாள் ரிஸ்வானா.

விசாரணைக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பொறுமைசாலி. ஆதிரனின் தாய் சிந்துஜா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பட்டை செய்யும் நிறுவனத்தின் வழக்கறிஞர் முகத்தில் கவலை இல்லை, பதிவு அவர்கள் பக்கம் இருந்தது. தாரணி எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"பட்டை யார் கையையும் புடிக்கலீங்க ஐயா. நாங்கதான் தூக்கல. நானும் தூக்கல. தளர்கை விதிய எழுதுனது நான். பட்டையை எல்லா எடத்துலயும் நிறுத்தச் சொல்லிக் கேக்கறேன்."

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. பதிவைத் திருத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீதிபதி கையமர்த்தினார்.

"மேடையில இருந்து குதிக்கறதத் தடை பண்ணிடலாம். அது இன்னிக்கே முடியும். பள்ளிக்கூடம் இருக்கு, சாரம் இருக்கு. அங்கெல்லாம் யாரும் வேணும்னு விழறதில்ல. பட்டையை நிறுத்துனா சனங்க புடிப்பாங்களா?"

"இப்பப் புடிக்க மாட்டாங்க. கை மறந்துபோச்சுங்க."

"மறுபடியும் எப்பிடிப் பழகும்?"

தாரணிக்குப் பதில் தெரியும். மெத்தையில் பழகாது என்பதை அவள் பார்த்துவிட்டாள். "நெசமா விழணுங்க ஐயா. புடிக்காம விட்டுட்டமேன்னு மனசு பதறணும். அப்பிடிப் பல தடவை நடந்தாத்தான் பழகும்."

"எத்தனை வருசம்?"

"தெரியாதுங்க."

"அதுவரைக்கும் விழப் போறது யாரோட பிள்ளைங்கம்மா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின் வரிசையில் சிந்துஜா எழுந்தாள்.

"நான் சொல்லட்டுங்களா ஐயா? என்ற வீட்டுக்காரரு பட்டை வர்றதுக்கு மின்னாடி போனாரு. என்ற பையன் பட்டை நின்னப்பப் போனான். சனங்க கைய நம்பி ரெண்டு பேரக் குடுத்துட்டேன். இன்னொருத்தி குடுக்க வேண்டாங்க." அவள் தாரணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாரணி தாங்கியிருப்பாள். "நீ பண்ணுனது நல்லதுதான் அம்மிணி. அது நின்னதுதான் தப்பு. இனிமே அது நிக்கவே கூடாது."

அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். நீதிபதியும் எழுதத் தொடங்கினார். மாலைக்குள் உத்தரவு தயாரானது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் எந்நேரமும் ஏந்துபட்டை அணிய வேண்டும். நிறுத்தும் வசதி, கழற்றும் கொக்கி இரண்டும் கூடாது. இதற்கு ஆதிரன் விதி என்று பெயர். மேடைப் பாய்ச்சலைத் தடை செய்யும் பேச்சு அதில் இல்லை, பட்டை நிற்காது என்றால் அதற்குத் தேவையும் இல்லை.

புதிய பட்டை பாதுகாப்பானது என்று வடிவமைப்பாளர் சான்று தர வேண்டும். குமாஸ்தா தாளை மேசையில் வைத்துப் பேனாவை நீட்டினார். தாரணி கணக்கை இரண்டு முறை சரிபார்த்தாள், தப்பே இல்லை. மறுத்தால் நாளைக்கு ஒரு பள்ளி மைதானத்தில் விழப் போகும் பிள்ளையின் முகத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. பேனாவை வாங்க அவள் கை உடனே எழுந்தது.