கொட்டாவி விட்ட குழாய்

காலை ஏழு மணிக்குக் குழந்தை இறந்தது. எட்டுக்குள் ஊர் குற்றவாளியைப் பிடித்துவிட்டது.

ஊருக்குக் குடிநீர் திறந்துவிடும் தண்ணீர்க்காரரைப் பம்ப் அறையில் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் போடாமல் ஏமாற்றினார் என்று குற்றச்சாட்டு. கீழ்த்தெருவில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் கிடந்தார். போலீஸ் வந்துகொண்டிருந்தது.

சுகாதார ஆய்வாளர் தன் தம்பி வீட்டிலிருந்து நேராக வந்தாள். இறந்தது அவன் மகள். கீழ்த்தெருவின் கடைசி வீடு அது. அங்கே குளியலறையில் முகம் கழுவியபோது, ததும்பும் தொட்டியின் விளிம்பில் குழந்தையின் சிவப்புக் கோப்பை மிதந்தது. அழுகை வரவில்லை. தலைக்குள் ஏதோ ரீங்காரம் மட்டும் நிற்காமல் கேட்டது.

ஜன்னல் கம்பி வழியே விசாரித்தாள்.

"பவுடர் போட்டீங்களா?"

"போட்டேம்மா. என் பேத்தியும் இதைத்தான் குடிக்குது."

"வீடு எங்க?"

"மேல்தெரு. அங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. என் தெருவுக்கு மட்டும் நல்ல தண்ணி விட்டேன்னு, அதான் என் கழுத்துக்கு வந்துருச்சு."

பம்ப் அறையில் நிசப்தம். ரீங்காரம் எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊரின் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டாள். மஞ்சளானது, குளோரின் இருந்தது. மேல்தெருவிலும் மஞ்சள். கீழ்த்தெருவில் ஒரு குடத்துத் தண்ணீர் நிறமே மாறவில்லை. அங்கே குழாய் சாக்கடையை ஒட்டிப் போகிறது. ஆனால் தண்ணீர் நிறைந்து ஓடும் குழாயில் விரிசல் இருந்தால் நீர் வெளியேதான் கசியும். சாக்கடை உள்ளே வராது.

குடத்துக்காரம்மா ஒரு வாரமாகத் தண்ணீர் சரியாக வருவதில்லை என்றாள். "எங்க குழாய்க்குக் கொட்டாவி விடத்தான் தெரியும்."

ஆய்வாளர் குழாயைத் திறந்து ஈரமான உள்ளங்கையை அதன் வாயில் வைத்தாள். குழாய் கையை உள்ளே இழுத்தது.

தெருவின் கடைக்கோடியைத் திரும்பிப் பார்த்தாள். தெருவின் நடுவிலேயே சொட்டு இல்லை. கடைசி வீட்டில் தொட்டி ததும்புகிறது.

தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போனபோது ரீங்காரம் மீண்டும் கேட்டது. தலைக்குள் அல்ல. குளியலறை மூலையில், சாக்கு மூட்டைக்குக் கீழே. துக்கத்துக்கு வந்தவர்கள் கைகால் கழுவ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தாள். பின்னாலேயே தம்பியும் குடிநீர்ச் சங்கத் தலைவரும் வந்து நின்றார்கள்.

"எப்ப வச்ச?"

"போன வாரம்க்கா. வீட்டுக்காரிக்கு நிறைமாசம். குடம் தூக்க முடியல."

குழாயிலிருந்தே மோட்டார் உறிஞ்சியதால் விரிசல் வழியே சாக்கடை உள்ளே வந்ததைத் தலைவருக்கு விளக்கினாள். அடுத்தவர் பாடத்தைக் கேட்பதுபோல் தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "விரிசல்னு மட்டும் சொல்லிடலாம்மா. புள்ளைய பறிகொடுத்தவன்."

"விரிசல்னா, அதைக் கவனிக்கலன்னு தண்ணிக்காரர்தான் ஜெயிலுக்குப் போவார். அவரைத் திறந்து விடுங்க. மோட்டார் வச்சது என் தம்பி."

தலைவர் தலை கவிழ்ந்து வெளியேறினார்.

"நானாக்கா?" என்றான் தம்பி.

குனிந்து தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். நீர் மெதுவாக இறங்கியது. கூடவே சிவப்புக் கோப்பையும் இறங்கி, அடித்தரையைத் தொட்டு, ஒருபக்கமாகச் சாய்ந்தது.

வெளியே, குடத்துக்காரம்மா வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"யாரும் குடிச்சிடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஆய்வாளர் ஓடினாள்.