தனக்கொடி சொன்ன பெயர்கள்

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களா. முன்னால் இருக்கிறவன் கொஞ்சம் நகர்ந்து தங்கச்சிக்கும் இடம் விடு. காகிதமும் பென்சிலும் இல்லாமல் முப்பது பெயரைச் சேர்க்கப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை வைத்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். பாகூர் ஏரிக்குத் தெற்கே புங்கந்தோப்பு என்று ஒரு சின்ன ஊர். அங்கே தனக்கொடிக்குப் பத்து வயது. படிக்க வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. ஊரில்தான் பள்ளிக்கூடம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாகூரில் இருந்த கொம்யூன் ஆபீசிலிருந்து, அதாவது ஊராட்சி ஆபீசிலிருந்து, குமாஸ்தா சுப்பராயலு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். முப்பது பெண் பிள்ளைகள் சேர்ந்தால் ஊருக்கு ஒரு டீச்சரம்மா வருவாராம். சனிக்கிழமைக்குள் சேராவிட்டால் அந்த அம்மாவை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

தையலம்மாள் வீட்டு வாசலில் நின்று அவர் கேட்டார். "வூட்ல பொண்ணுங்க எத்தினி?"

"பொண்ணே கெடையாதுங்க சாமி."

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"அப்போ இதுங்க?"

"இதுங்களா? சும்மா நிக்குதுங்க."

தெரு முழுக்க இதே கதைதான். நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு பெயர் ஏறியது. குமாஸ்தாவின் பின்னாலேயே ஓடிப்போய்த் தன் பெயரைத் தானே சொன்னவள் தனக்கொடி.

"ஒரு பொண்ணுக்காக டீச்சரம்மா வர மாட்டாங்க, பொண்ணே," என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் தனக்கொடியே கிளம்பினாள். தையலம்மாள் முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, உனக்குப் பொண்ணு எத்தினி?"

"இன்னாடி, நீயும் எண்ண வந்துட்டியா? புள்ளைங்கள எண்ணி எண்ணிச் சொன்னா கண்ணு படாதா? காய்ச்சல்ல படுத்துக்கிச்சின்னா நீயா வந்து சுத்திப் போடுவ?"

தனக்கொடிக்கு முகம் வாடிப்போயிற்று. சும்மா நிற்கவும் பிடிக்கவில்லை. உட்கார்ந்து அவளும் மல்லாட்டை உடைக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா இன்னிக்கு என்னைத் திட்டித் தீத்துடுச்சு அத்தே. கஞ்சிக் குண்டானைக் கவுத்துட்டேன்."

தையலம்மாள் சிரித்தாள். "நீ பரவால்லடி. எங்க பூரணி கீறாளே, புளியமரத்த விட்டு எறங்கவே மாட்டா. சின்னவ பட்டு, பேச ஆரம்பிச்சா கோழி கூவற வரைக்கும் நிறுத்த மாட்டா. நடுவுல ஒருத்தி கீறா, அலமேலு. நான் எது கேட்டாலும் 'ஏன்?'ம்பா."

தனக்கொடியின் கை நின்றுவிட்டது. எண்ணச் சொன்னால் வாயைத் திறக்காதவள், குறை சொல்லும்போது மூன்று பெயரையும் சொல்லிவிட்டாளே! குறை சொன்னால் கண் படாது போலிருக்கிறது.

"அத்தே, பள்ளிக்கூடம் வந்தா இவங்கள அனுப்புவியா?"

"அனுப்பிட்டு? காலைல தண்ணி யாரு மொண்டாறது?"

"தண்ணி மொண்டு வெச்சிட்டு வந்தா?"

தையலம்மாள் யோசித்தாள். "அப்போ போவட்டும். அந்த 'ஏன்?'க்கெல்லாம் டீச்சரம்மாவே பதில் சொல்லட்டும்."

அன்றும் மறுநாளும் தனக்கொடி வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் அரிசியில் கல் பொறுக்கினாள், ஒரு வீட்டில் வைக்கோல் உதறினாள். முதலில் தன் குறையைச் சொல்வாள். பிறகு அவர்கள் குறையைக் கேட்பாள். அப்புறம்தான் பள்ளிக்கூடத்துப் பேச்சை எடுப்பாள். எழுதத் தெரியாதவள் ஆயிற்றே, ஒவ்வொரு பெயரையும் அதன் குறையோடு சேர்த்து நெஞ்சில் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக மிஞ்சியது காசம்மாள் வீடு. அவள் மகள் வேலம்மா எப்போதும் தம்பியை இடுப்பில் வைத்திருப்பாள். தனக்கொடி இரண்டு சாயங்காலம் போய் உட்கார்ந்தும் காசம்மாள் எந்தக் குறையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தானாகவே பேசினாள்.

"எங்கண்ணன் பேரையும் இப்படித்தான் ஒருநாள் காயிதத்துல எழுதினாங்க. சண்டைக்குன்னு கப்பல் ஏத்தினாங்க. எங்க அம்மா சாவற வரைக்கும் வாசலையே பாத்துனு இருந்தா."

வேலம்மாவின் இடுப்பில் அழுத குழந்தையைத் தனக்கொடி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது தூங்கிய பிறகு மெதுவாகச் சொன்னாள். "வேலம்மா பேரை நான் சொல்ல மாட்டேன் அத்தே."

சனிக்கிழமை காலையில் அவள் பாகூர் கொம்யூன் ஆபீசுக்கு நடந்தாள்.

"எழுதிக்குங்க ஐயா. பூரணி, புளியமரத்த விட்டு எறங்க மாட்டா. பட்டு, வாய் ஓயாது. அலமேலு, 'ஏன்?'னு கேப்பா. செவந்தி, தூக்கத்துல நடப்பா..."

சுப்பராயலு சிரித்துச் சிரித்து மை சிந்திவிட்டார். பிறகு எண்ணிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"உன்னோட சேத்து இருவத்தொம்பது. ஒண்ணு கொறையுதே. வேற யாரும் ஞாபகத்துக்கு வரலியா?"

தனக்கொடியின் நாக்கு நுனியில் அந்தப் பெயர் இருந்தது. சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம். அவள் தரையைப் பார்த்தாள்.

"தெரியும் ஐயா. ஆனா சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"போச்சே," என்று அவர் பேனாவை மூடப் போனார்.

"மூடாதீங்க சாமி."

வாசலில் காசம்மாள் நின்றாள். பக்கத்தில் வேலம்மா, அவள் இடுப்பில் தம்பி. "இவ எம்மவ பேரைச் சொல்லிடுவாளோன்னு பயந்து பின்னாலியே வந்தேன். பள்ளிக்கூடமே போனாலும் போவட்டும்னு நிக்குது இந்தப் பொண்ணு." மகளை முன்னால் நகர்த்தினாள். "எழுதிக்குங்க. பேரு வேலம்மா. இது சண்டைக்காயிதம் இல்லியே?"

"இல்லம்மா. பள்ளிக்கூடக் காயிதம்."

"தம்பியையும் இடுப்புல கொண்டாருவா. ஒத்துக்குவீங்களா?"

"தண்ணி மொண்ட பொறவுதான் பள்ளிக்கூடம் தொறக்கணும் ஐயா," என்று தனக்கொடியும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அதையும் எழுதிக்குங்க."

சுப்பராயலு எல்லாவற்றையும் எழுதினார். "முப்பது" என்று சொல்ல வாயெடுத்தவர், காசம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு, எண்ணிச் சொன்னால் கண் படும் என்பார்களே என்று நினைத்து, "போதுமானது இருக்கு," என்றார்.

அடுத்த மாதம் டீச்சரம்மா வந்தார். கரும்பலகையில் 'அ' எழுதி, "சொல்லுங்க பாக்கலாம்," என்றார். எல்லாருக்கும் கூச்சம்.

வேலம்மா இடுப்பிலிருந்த தம்பிதான் முதலில் சொன்னான். "அ!"

அவ்வளவுதான், கண்ணுங்களா. உங்கள் வீட்டு அடுப்பு குளிராமல் எரியட்டும். வந்தவர் உட்கார இடமும், உட்கார்ந்தவரோடு பேச நேரமும் உங்கள் வாசலில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.